பேசணும், ஆனா எப்படி? தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் பெண்கள் சிலர் உடனே கிளம்ப மாட்டார்கள். நாற்காலிகளை அடுக்கி வைக்கும்போதே பேச்சு தொடங்கிவிடும். டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பிறந்து வளர்ந்த நான்காம், ஐந்தாம் தலைமுறைப் பெண்கள் ஒரு பக்கம். கணவரின் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அண்மையில் வந்தவர்கள் இன்னொரு பக்கம். வாழ்க்கை வேறு வேறு, சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றே. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. சட்டம் பற்றி இங்கே இருப்பது பொதுவான நடைமுறைதான். உங்கள் விஷயத்தில் முடிவெடுக்கும் முன், அரசின் சட்ட உதவி நிறுவனமான லீகல் எய்ட் அமைப்பின் இலவச எண்ணில் (0800 110 110) ஒரு தடவை பேசிவிடுங்கள்.

"கூட்டத்துல எழுந்தாலே எனக்குக் கை நடுங்குது. தன்னம்பிக்கைங்கிறது பிறவியிலேயே வரணுமோ?"

இல்லை. நன்றாகப் பேசுகிறார் என்று நீங்கள் நினைக்கிற பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கும் நடுங்கும். நடுக்கம் நின்ற பிறகு பேசலாம் என்று உட்கார்ந்திருந்தால் வருஷங்கள் ஓடிவிடும். முதல் தடவை நடுக்கத்தோடுதான் பேச வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

அதோடு, "எனக்குப் பேச வராது" என்று சொல்கிற பல பேருக்கு நன்றாகவே பேச வரும். தண்ணீர் பில் தப்பாக வந்தால் முனிசிபாலிட்டியோடு போனில் மணிக்கணக்காக வாதாடி நேர் பண்ணுவது யார்? கல்யாண ஹால்காரரிடம் கறாராகப் பேசி விலையைக் குறைப்பது யார்? அதே குரல் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் அடங்கிப்போகிறது என்றால், "பெரியவங்க இருக்கும்போது வாயைத் திறக்காதே" என்று நம்மைச் சின்ன வயதிலிருந்தே பழக்கியிருப்பதுதான் காரணம். பழக்கத்தில் வந்ததைப் பழக்கத்தால்தான் மாற்ற முடியும்.

"சரி, எங்கேர்ந்து தொடங்கறது?"

ஒரே ஒரு கேள்வியிலிருந்து. கோயில் சமையலறையில் பல வருஷமாகப் புரட்டாசிச் சமையலைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மா எங்கள் பக்கத்தில் இருக்கிறார். ஆண்டுக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து டீ கொடுக்கிற நேரத்துக்காகக் காத்திருப்பார். ஒரு வருஷம் கடை ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தார்: "புரட்டாசிக்கு எத்தனை கேஸ் சிலிண்டர் வாங்கினோம், எவ்வளவு ஆச்சு?" எழுந்து, ரசீதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் அதைப் படித்தார். பொருளாளர் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொன்னார். அவ்வளவுதான். ஆனால் அடுத்த நிமிஷமே இன்னொரு பெண் எழுந்து அரிசிக் கணக்கைக் கேட்டார்.

அந்த அம்மா செய்ததில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. தனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தை எடுத்தார். எழுதி வைத்துக்கொண்டார். கருத்துச் சொல்லாமல் கேள்வி கேட்டார். கேட்டால் எதிரில் இருப்பவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். நீங்களும் கூட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கேட்டுவிடுங்கள், தள்ளிப்போடப் போடத் தொண்டை அடைக்கும். "எனக்கு ஒண்ணும் தெரியாது, தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க" என்ற முன்னுரை வேண்டவே வேண்டாம். முக்கியமான இன்னொன்று, துணை. முந்தின நாளே ஒரு தோழியிடம் சொல்லி வையுங்கள். நீங்கள் பேசி முடித்ததும் அவர் "எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தனியாக ஒரு பெண் பேசினால் அதை அவள் குணம் என்று ஒதுக்குவார்கள், இரண்டு பேர் பேசினால் அது விஷயமாகிவிடும்.

"சமத்துவம்னா ஆம்பளைங்களோட சண்டை போடறதுதானே?"

இல்லை. வீட்டிலும் வேலையிலும் கோயிலிலும் முடிவு எடுக்கிற இடத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்கிறீர்கள். இந்த நாட்டின் 1996 அரசியலமைப்பு 9ஆம் பிரிவில் பால், பாலினம், கர்ப்பம், திருமண நிலை என்று பெயர் சொல்லியே, இவற்றை வைத்து யாரையும் நியாயமின்றிப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. நாட்டில் ஏற்கெனவே சட்டமாக இருப்பதை வீட்டுக்குள் கேட்பது சண்டை ஆகாது.

"இதெல்லாம் வெள்ளைக்காரங்க பழக்கம், நம்ம கலாசாரத்துல பொம்பளைங்க வாய் திறக்க மாட்டாங்கன்னு மாமியார் சொல்றாங்க. என்ன பதில் சொல்லட்டும்?"

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்வேன், ஏனென்றால் நம் பாட்டிகளுக்கு நாம் செய்கிற அநியாயம் இது. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கிற நேட்டாலுக்கு வந்தார்கள். ஆணுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் கூலி, பெண்ணுக்கு அதில் பாதி. படியளந்த அரிசியும் பாதி. ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்கினால் ஆளுக்கு வருஷம் 3 பவுண்டு வரி. பையன்களுக்கு 16 வயதுக்கு மேல்தான் வரி, பெண் பிள்ளைகளுக்கோ 13 தாண்டினாலே வரி. கரும்புக் காட்டில் வெட்டி, குழந்தையை இடுப்பில் வைத்து வளர்த்து, இந்தக் குடும்பங்களை நிற்க வைத்தவர்கள் வாயில்லாத பெண்கள் இல்லை.

1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவும் ஆகாத திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்ற பொருளில் தீர்ப்புச் சொன்னார். தாலி கட்டிய மனைவியர் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியே இல்லை என்றாகிவிட்டது. அந்த அக்டோபரில், காந்தி நடத்திய சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து, பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து பதினொரு பெண்கள் தடையை மீறி எல்லை தாண்டி நேட்டாலுக்குள் வந்தார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழர். காந்தியோடு போராடிய தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் அவர்களில் ஒருவர். சிலர் கைக்குழந்தையோடு வந்தார்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் நேருக்கு நேர் பேசினார்கள், 3 பவுண்டு வரியை எதிர்த்து வேலைநிறுத்தம் வெடித்தது. அந்தப் பெண்களுக்கு மூன்று மாதம் கடுங்காவல், மாரிட்ஸ்பர்க் சிறை. அம்மா மங்கலத்தோடு பின்னால் போய்ச் சிறைப்பட்ட தில்லையாடி வள்ளியம்மை காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள், வயது 16. அந்த வருஷமே 3 பவுண்டு வரி நீங்கியது, நம் திருமணங்களுக்கும் சட்ட ஏற்பு கிடைத்தது.

மாமியாரிடம் இதை வாதமாகச் சொல்லாதீர்கள், கதையாகச் சொல்லுங்கள். அப்புறம் அவருடைய அம்மா என்ன வேலை செய்தார் என்று கேளுங்கள். டர்பனில் அந்தத் தலைமுறைப் பெண்கள் எத்தனையோ பேர் துணி ஆலைகளில் தையல் மிஷினில் உட்கார்ந்தவர்கள், தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டியவர்கள். பல வீடுகளில் மாமியாரே அப்படி ஒருவராக இருப்பார். அவர்களை யாரும் இதைப் பற்றிக் கேட்டதே இல்லை.

"நானும் எட்டு மணி நேரம் வேலைக்குப் போயிட்டு வர்றேன். ஆனா அடுப்பு மட்டும் எனக்குன்னே எழுதி வெச்ச மாதிரி இருக்கு."

பொதுவாக "நீங்க ஒண்ணுமே செய்யறதில்லை" என்று தொடங்கினால் அது சண்டையில்தான் முடியும். ஒரு வாரம் யார் என்ன வேலை செய்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிஜ்ஜில் ஒட்டுங்கள். பாத்திரம், பள்ளிக்கூடச் சாப்பாடு, துணி, மாமனாரின் மாத்திரை, பிள்ளையின் ஹோம்வொர்க் எல்லாமே. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை வைத்துக்கொண்டு, "இதுல எந்த ரெண்டை நீங்க எடுத்துக்கறீங்க?" என்று கேளுங்கள். "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். உதவி என்றால் வேலை உங்களுடையதாகவே இருக்கும்.

எடுத்துக்கொண்ட வேலையை அவர் தன் விதத்தில் செய்ய விடுங்கள். பருப்பு கொஞ்சம் அடிப்பிடித்தால் உடனே கரண்டியைப் பிடுங்கிவிடுகிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. அப்படிச் செய்தால் அடுப்பு திரும்பவும் உங்களிடமே வந்துவிடும்.

"எனக்கு இங்கிலீஷ் சரளமா வராது. ஆபீஸுக்கோ கோர்ட்டுக்கோ போனா என்னை மதிப்பாங்களா, அக்கா?"

மதித்தே ஆக வேண்டும். அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, இங்கே சமூகங்கள் பேசுகிற மொழிகளையும் வளர்த்து மரியாதை கொடுக்க வேண்டும் என்று சொல்லும்போது தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இது தெரியாத தமிழர்கள் இங்கே ஏராளம். நீதிமன்றத்திலும் தொழில் தகராறுகளைத் தீர்க்கிற சி.சி.எம்.ஏ.-விலும் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். தமிழுக்கு ஆள் கிடைக்க நேரம் ஆகலாம் என்பதால் படிவம் கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். உங்கள் கணவரோ அவர் உறவினரோ உங்களுக்காக மொழிபெயர்க்க வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொன்னது அப்படியே போய்ச் சேர்ந்ததா என்று உங்களுக்குத் தெரியாது.

"எனக்கு நேர் எதிர் பிரச்சினை, ஆன்ட்டி. தமிழ் சரியா வராது. 'முதல்ல தமிழ் கத்துக்கிட்டு வா'ன்னு கமிட்டியில சொல்றாங்க."

அதே கமிட்டியில் இருக்கிற ஆண்களில் எத்தனை பேர் தமிழில் கூட்டம் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். எல்லோரும் இங்கிலீஷில்தான் பேசுகிறார்கள். நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள், நீங்கள் தமிழ் கற்றால் எனக்குச் சந்தோஷம். ஆனால் பேசுகிற உரிமைக்கு அதை நுழைவுச் சீட்டாக வைக்கக் கூடாது. சங்க விதிமுறைகளின் பிரதி ஒன்று கேட்டு வாங்குங்கள். உறுப்பினர் தகுதியாக அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

"என்னோட ஒரே நாள்ல சேர்ந்த பையனுக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம். கேக்கலாமா? சம்பளத்தைப் பத்திப் பேசக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லியிருக்காரே?"

கேட்கலாம், பேசவும் செய்யலாம். வேலை நிபந்தனைகளை, சம்பளம் உட்பட, சக ஊழியரோடு பேசுகிற உரிமையை அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. மேனேஜர் தடுக்க முடியாது. அதே வேலைக்கோ, சம மதிப்புள்ள வேலைக்கோ பால் அடிப்படையில் சம்பளம் வேறுபடுவது பாகுபாடு என்று வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் 2014 ஆகஸ்டிலிருந்தே தெளிவாக எழுதியிருக்கிறது.

ஆனால் பொறுமையாகப் போங்கள். கூடுதல் தகுதி, அதிக அனுபவம் போன்ற நியாயமான காரணங்கள் இருந்தால் வித்தியாசம் செல்லும். முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நான் மேலே சொன்ன கேள்வி முறைதான்: "எங்க ரெண்டு பேர் சம்பளமும் எந்த அடிப்படையில முடிவாச்சு?" பதில் திருப்தியாக இல்லை என்றால் ஆறு மாதத்துக்குள் சி.சி.எம்.ஏ.-வுக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. வேலையை விட்டே அநியாயமாக நீக்கிவிட்டால் கெடு வெறும் 30 நாள். இந்தத் தேதிகளைத் தவறவிட்டுத் தவிப்பவர்கள்தான் அதிகம்.

"ஆபீஸ்ல ஒருத்தர் எப்பவும் ஒரு மாதிரி ஜோக் அடிக்கிறார். எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் மட்டும் எப்படி எதிர்க்கறது?"

சிரிக்காதீர்கள். முதல் எதிர்ப்பு அதுதான். பிறகு தனியாகவோ எல்லோர் முன்னாலோ, "எனக்கு இது பிடிக்கலை, என்கிட்ட இப்படிப் பேசாதீங்க" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம். தேதி, சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றன்றைக்குக் குறித்து வையுங்கள். வேலையிடத்துத் தொந்தரவைத் தடுக்க 2022 மார்ச்சில் நடைமுறை விதித்தொகுப்பு ஒன்று வந்திருக்கிறது. வாய்ப் பேச்சும் ஆன்லைனில் அனுப்புகிற செய்தியும் அதில் அடங்கும். அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. புகார் கிடைத்த முதலாளி விசாரிக்காமல் விட்டால் பொறுப்பு அவர் தலையிலும் விழும்.

"கர்ப்பம்னு சொன்னா வேலை போயிடுமோ?"

கர்ப்பத்தைக் காரணம் காட்டி நீக்கினால் அது சட்டப்படி தானாகவே அநியாயமான நீக்கம். தொடர்ந்து நான்கு மாதம் விடுப்பு எடுக்கலாம்; 2025 அக்டோபர் அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, கணவரும் வேலையில் இருந்தால் நான்கு மாதமும் பத்து நாளும் இருவரும் பகிர்ந்துகொள்கிற விடுப்பு. அதற்குச் சம்பளம் கொடுக்க முதலாளி கட்டாயம் இல்லை, ஆனால் நீங்கள் வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்கு (யு.ஐ.எஃப்.) சந்தா கட்டியிருந்தால் அங்கே பணம் கேட்கலாம். சொல்வதை எழுத்தில் சொல்லுங்கள்.

"கோயில்ல தாலி கட்டினோம், ஐயர் மந்திரம் சொன்னார், ஊரே சாப்பிட்டுப் போச்சு. ஹோம் அஃபேர்ஸ்ல (உள்துறை அலுவலகத்துல) பதியலை. எனக்கு உரிமை இருக்கா?"

இது சிக்கலான இடம். முழுசாகப் படியுங்கள். 1913 தீர்ப்பின் நிழல் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. திருமணத்தை நடத்திவைத்தவர் அரசு அங்கீகரித்த திருமண அதிகாரியாக இருந்து, நீங்கள் இருவரும் சாட்சிகளும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் அது சட்டத் திருமணம். நம் பூசாரிகளில் பலருக்கு அந்த அங்கீகாரம் உண்டு, எல்லோருக்கும் இல்லை. பதியாத திருமணத்தில் கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால் மனைவிக்குப் பங்கு உண்டு, டர்பன் உயர்நீதிமன்றமே ஒரு இந்து விதவைக்கு ஆதரவாக அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் அதே நீதிமன்றம் 2007இல் வெளிவந்த இன்னொரு தீர்ப்பில், பதியாத இந்துத் திருமணத்துக்கு மணமுறிவு கொடுக்க மறுத்தது. அதாவது கணவர் இறந்தால் ஒரு வழி இருக்கிறது, பிரிந்தால் சொத்துப் பங்கு கேட்பது பெரும்பாடு. பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம் மட்டும் எந்தத் திருமணத்தையும் நம்பி இல்லை, அதை மெயின்டனன்ஸ் கோர்ட்டில் இலவசமாகக் கேட்கலாம்.

கணவரோடு இப்போது சுமுகமாக இருந்தால் இப்போதே போய்ப் பதிந்துவிடுங்கள், அன்றைய தேதியிலிருந்து அது சட்டத் திருமணம். முன்கூட்டியே நோட்டரியிடம் ஒப்பந்தம் எதுவும் எழுதாமல் பதிந்தால் சொத்தும் கடனும் இருவருக்கும் பொது. அப்போது உங்கள் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அவருடைய கடனும் உங்கள் தலையில் சேரும் என்பதையும் யோசியுங்கள். தொழில் செய்கிற குடும்பம் என்றால் நோட்டரியைப் பார்த்துவிட்டுப் பதிவது நல்லது. இதைக் கேட்டால் "என் மேல நம்பிக்கை இல்லையா" என்பார்கள். வீட்டுக்கும் காருக்கும் பதிவு பண்ணும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை என்று சொல்லுங்கள்.

"அவர் அடிக்கறதில்லை. ஆனா என் சம்பளக் கார்டு அவர்கிட்ட, என் போனை தினமும் பாக்கறார், அம்மா வீட்டுக்குப் போகவும் அனுமதி கேக்கணும். இதைப் போய் வன்முறைன்னு சொல்ல முடியுமா?"

முடியும். 1998ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்திலேயே மனரீதியான துன்பமும் பணத்தைப் பறித்து வைப்பதும் இருந்தன. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஒருவரின் அன்றாட வாழ்க்கையைக் கட்டுப்படுத்தி அடக்கி வைப்பதையும் சேர்த்தது. கணவர் மட்டும் இல்லை, ஒரே வீட்டில் இருக்கும் மாமியார், மைத்துனர், வளர்ந்த மகன் யாராக இருந்தாலும் இந்தச் சட்டம் செல்லும். நீங்கள் வசிக்கிற பகுதியின் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை, ஆன்லைனிலும் விண்ணப்பிக்கலாம். தேவைப்பட்டால் இடைக்கால உத்தரவு தருவார்கள். அதை அவர் மீறினால் கைது செய்வதற்கான வாரன்ட்டும் அதோடு சேர்ந்தே வரும், அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

அடிக்கிறார் என்றால் யோசிக்கவே வேண்டாம். 0800 428 428, இரவு பகல் எந்நேரமும், இலவசம். உடனடி ஆபத்து என்றால் 10111. உங்கள் ஐ.டி., பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நம்பகமான ஒருவர் வீட்டில் வைத்திருங்கள். "போகப் போறேன்" என்று சண்டையின் நடுவே அறிவிக்காதீர்கள். கிளம்புகிற நேரம்தான் ஆபத்து அதிகம்.

"நான் அவரோட விசாவுல வந்திருக்கேன். புகார் கொடுத்தா ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு பயமுறுத்துறார்."

மேலே சொன்ன பாதுகாப்பு உத்தரவு கேட்க நீங்கள் இந்த நாட்டுக் குடிமகளாக இருக்க வேண்டியதில்லை. கோர்ட்டும் போலீஸும் உங்களுக்கும் உண்டு. விசா தனிப் பிரச்சினை. பிரிந்துவிட்டால் அது பாதிக்கப்படலாம் என்பது உண்மைதான், ஆகவே லீகல் எய்டில் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கட்டும். அதை மறைத்து வைத்திருந்தால் விண்ணப்பத்தில் அதையும் எழுதுங்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு டர்பன், ஜோகன்னஸ்பர்க், கேப்டவுன் மூன்று ஊர்களிலும் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

இப்படி வந்த பெண்களில் பலர் நன்றாகப் படித்து ஊரில் வேலை பார்த்தவர்கள். துணைவர் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லாததால் வீட்டுக்குள் முடங்கி, "எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். கேட்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. டிரைவிங் லைசன்ஸ் எடுங்கள். நூலகத்தில் சேருங்கள். கோயிலில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு இடத்துக்குப் போங்கள்.

"வெளியே சொன்னா குடும்ப மானம் போயிடுமே?"

மானத்தைக் கெடுத்தது நடந்த காரியமா, அதை வெளியே சொன்னதா? என் கருத்தில் நடந்த காரியம்தான். ஊர் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தியிடம் சொல்லுங்கள், அக்காவோ, டாக்டரோ, பிள்ளையின் டீச்சரோ. உங்களிடம் யாராவது சொல்ல வந்தால் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று ஆரம்பிக்காதீர்கள். "நான் உன்னை நம்பறேன். இப்ப என்ன வேணும் உனக்கு?" என்று கேளுங்கள்.

"கணவர் போய்ட்டார். மகள் கல்யாணத்துல நான் ஆரத்தி எடுக்கக் கூடாதுங்கறாங்க. எதிர்த்துப் பேசினா மகளுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

பெற்று வளர்த்த அம்மாவின் கை பட்டால் மகளுக்குக் கெடுதல் வரும் என்பதை நான் நம்பவில்லை. இதைக் கல்யாண மேடையில் வைத்து முடிவு செய்யாதீர்கள், அங்கே எல்லோரும் பதற்றமாக இருப்பார்கள். ஒரு மாதம் முன்னாலேயே மகளிடம் பேசுங்கள். மணப்பெண்ணே "எங்க அம்மாதான் எடுப்பாங்க" என்று பூசாரியிடம் சொல்லிவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். இங்கே பல பூசாரிகள் இதற்குச் சந்தோஷமாகவே சம்மதிக்கிறார்கள். ஒரு கல்யாணத்தில் தட்டை வேறு ஒரு அத்தை எடுத்துக்கொண்டு வந்தார். மணப்பெண் எழுந்து நின்று, அம்மா வரும்வரை உட்காரவே இல்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. அத்தை தட்டை அம்மா கையில் கொடுத்தார்.

உங்களுக்கே மனசு ஒப்பவில்லை என்றால் எடுக்க வேண்டாம். அது உங்கள் முடிவு. அடுத்தவர் உங்களுக்காக எடுக்கிற முடிவாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நான் கேட்பது.

"பொண்ணை ரொம்பப் படிக்க வெச்சா மாப்பிள்ளை கிடைக்கறது கஷ்டம்ங்கறாங்களே?"

டர்பன் கிளேர்வுட்டில் ஒரு பஸ் டிரைவர் மகள் சட்டம் படிக்க ஆசைப்பட்டாள். ஊர்க்காரர்கள் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். படித்து முடித்தும் வெள்ளையர் நடத்திய வக்கீல் அலுவலகங்களில் வேலை கிடைக்காததால் 1967இல் சொந்தமாகவே அலுவலகம் திறந்தார். நேட்டாலில் வெள்ளையர் அல்லாத பெண் ஒருவர் அப்படித் திறந்தது அதுவே முதல் தடவை. 1995இல் உயர்நீதிமன்ற நீதிபதி. ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தில் அவர் இருந்த அமர்வுதான் 1998இல், பாலியல் வன்முறையும் இனப்படுகொலைக் குற்றமாகலாம் என்று தீர்ப்பளித்தது. 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர். நவநீதம் பிள்ளை, நம் தமிழ்ப் பெண். அன்று அந்தப் பணத்தைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்தான்.

மகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. சாப்பிட்ட தட்டை மகனும் கழுவட்டும். அக்கா பேசும்போது குறுக்கே பேசினால் "அவ முடிக்கட்டும்" என்று சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுக்குள் அது பழகிவிடும்.

"நீங்க சொன்ன மாதிரியே பேசினேன். ஒண்ணும் மாறலை. மூணு பேர் என்கிட்ட பேசறதையே நிறுத்திட்டாங்க. இப்ப என்ன பண்ண?"

இப்படியும் நடக்கும், அதை மறைத்துப் பயனில்லை. நாம் பேசுவதால் சில உறவுகள் கொஞ்ச நாள் கசக்கும், சில திரும்பியே வராது. வலிக்கத்தான் செய்யும். அந்த வலியைத் தனியாகச் சுமக்காமல் இருக்கத்தான் ஆரம்பத்திலேயே துணை வேண்டும் என்றேன். 1956 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டோரியாவில் சுமார் 20,000 பெண்கள், கறுப்பினத்தவர் எப்போதும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்து, அரசின் தலைமையகமான யூனியன் கட்டடத்தின் முன் அரை மணி நேரம் மௌனமாக நின்றார்கள். அந்தச் சட்டம் மறுநாள் போய்விடவில்லை, அது ரத்தாக இன்னும் முப்பது வருஷம் ஆனது. அந்த நாளைத்தான் இப்போது பெண்கள் தினமாக விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறோம்.

எங்கே பேசினீர்கள் என்பதைப் பொறுத்து அடுத்த அடி மாறும். வீடு என்றால் கொஞ்ச காலம் விட்டு, அதே விஷயத்தை வேறு ஒருவர் மூலமாக, வேறு நேரத்தில் எடுங்கள். வேலை என்றால் மேலே சொன்ன கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, வருத்தத்தில் அதை விட்டுவிடாதீர்கள். சங்கமோ கோயிலோ என்றால் விதிமுறையைப் பார்த்து, அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பே தீர்மானத்தை எழுத்தில் கொடுங்கள், கையெழுத்துப் போட இன்னும் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு. பெண் என்பதாலேயே உறுப்பினர் உரிமையை மறுத்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் சமத்துவ நீதிமன்றம் இருக்கிறது, 2000ஆம் வருஷச் சட்டப்படி அங்கே கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம். அவ்வளவு தூரம் போக வேண்டி வந்தால் முதல் நாள் படிவம் நிரப்பத் தனியாகப் போகாதீர்கள். சனிக்கிழமை வகுப்பில் சொல்லுங்கள், கூட வர ஆள் இருக்கிறது.